வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்கு எடுத்த டிக்கெட்

வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் கோப்பி ஆறுவதற்குள் கைப்பேசியை எடுத்து, நாளைய விமானத்துக்குக் கோத்தா கினபாலு எவ்வளவு, கூச்சிங் எவ்வளவு, திருச்சி எவ்வளவு என்று பார்த்துவிடுகிறேன்.

"எங்க போறோம்?" என்பார் என் கணவர் சேகர்.

"எங்கயும் இல்ல."

"அப்ப யாருக்கு டிக்கெட்?"

"யாருக்கும் இல்ல."

அவர் தலையில் அடித்துக்கொண்டு பேப்பரை விரித்துக்கொள்வார். நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பேன். விலை ஏறியிருந்தால் எனக்குக் கோபம் வரும். இறங்கியிருந்தால் அதைவிடக் கோபம் வரும், வாங்க ஆள் இல்லையே என்று.

கோலசிலாங்கூர் டிக்கெட் கடையில் என்னோடு ஏழு வருடம் வேலை பார்த்தவள் ஷாலினி. இப்போது ரவாங்கில் ஒரு பயண அலுவலகத்தைப் பொறுப்பாக நடத்துகிறாள். போன வாரம் கூப்பிட்டாள். "அக்கா, புதுசா ரெண்டு பேரு சேந்திருக்காங்க. கடைசி நேரத்துல மலிவா டிக்கெட் எடுக்கிற டிரிக் எல்லாம் ரெண்டு பக்கம் எழுதித் தாங்க லா. பிரிண்ட் பண்ணி செவுத்துல ஒட்டிடுறேன்."

டிரிக்காம்! எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு எல்லார் கையிலும் அதே விலைதான் தெரிகிறது. என்னிடம் மந்திரக்கோல் எதுவும் இருந்ததில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். சுவரில் ஒட்டுவாளோ மாட்டாளோ, அது அவள் பாடு.

நான் அசாம் ஜாவா பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, கிள்ளானில் ஆறு மாதம் டிக்கெட் வேலை படித்து, நேரே அந்தக் கடைக்கு வந்தேன். அப்போது டிக்கெட் என்றால் சிவப்பு மை ஒட்டும் தாள் புத்தகம். வீட்டுக்குப் போனால் விரல் முழுக்கச் சிவப்பு. பிறகு கணினி வந்தது, பிறகு தாளே இல்லாமல் போனது, பிறகு மலிவு விமானங்கள் வந்தன. இருபத்தொன்பது வருடம் இந்த மூன்று வரியில் அடங்கிவிடுகிறது.

அடங்காதவர் எங்கள் சீன முதலாளி ஹெங். எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா எஸ்டேட்டுக்குள் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கே எங்களைவிட நன்றாக எஸ்டேட் தமிழ் பேசுவார். கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கையில் கோப்பியோடு கதவோரம் நிற்பார். திட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார். தப்பு நடந்தால் ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குத் திட்டே தேவலை என்றிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், தஞ்சோங் காராங்கிலிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். திருச்சியில் அண்ணன் இறந்துவிட்டார். முகத்தையாவது பார்க்க வேண்டும் என்று அழுதார். நான் பரபரவென்று வேலை செய்து, அன்று மாலையே புறப்படும் விமானத்தில் ஓர் இடத்தைப் பிடித்து, டிக்கெட்டையும் எழுதிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. தவுக்கே கதவோரத்திலிருந்து கேட்டார், "விசா?"

அந்த அம்மாவிடம் இந்திய விசா இல்லை. அதை எடுக்காமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அந்த டிக்கெட் யாருக்கும் உதவாமல் போனது. அவர் போய்ச் சேர்ந்தது கருமாதிக்குத்தான். திரும்பி வந்தபோது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தவுக்கே சொன்ன முறையை நான் மாற்றவே இல்லை. முதலில் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ மேசைமேல் வர வேண்டும். வந்த பிறகுதான் விசைப்பலகையில் கை. அடுத்தது கேள்வி. எப்போது போக வேண்டும் என்று கேட்கக்கூடாது. "எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?" என்றுதான் கேட்க வேண்டும். அவசரத்தில் வருகிறவர்களுக்குப் புறப்பட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடும். சேர வேண்டிய நேரத்தை வாங்கிக்கொண்டு அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். அங்கே வரிசை எவ்வளவு, வண்டி எவ்வளவு, பெட்டி எடுக்க எவ்வளவு. அப்படி எண்ணினால் நமக்குத் தேவையில்லாத விமானங்கள் பாதி உதிர்ந்துவிடும். தேவைப்படுகிற இரண்டு மூன்றில்தான் மலிவைத் தேட வேண்டும்.

ஷாலினி, இன்னொன்றையும் அந்தப் பிள்ளைகளிடம் சொல். நான்கு பேர் போவதாக இருந்தாலும் ஒருவருக்கு மட்டும் முதலில் தேட வேண்டும். விமானத்தில் மலிவு இருக்கைகள் கொஞ்சம்தான் இருக்கும். மலிவில் ஒன்றுதான் மீதி இருக்கும்போது நான்கு கேட்டால், கணினி நான்கையும் உயர்ந்த விலைக்குத் தூக்கிவிடும். அந்த ஒன்று கண்ணிலேயே படாது. நம் ஆட்களுக்குக் கும்பலாகப் போய்த்தான் பழக்கம். அதனால் அவர்கள் கைப்பேசியில் எப்போதும் உயர்ந்த விலைதான் தெரியும். இரண்டு தனி டிக்கெட்டாக ஒட்டுப் போட்டு அனுப்புவதென்றால், நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நமக்காக நிற்காது. கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன் பெயர், நாள், கிழமை, நேரம், ஊர் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாடிக்கையாளர் தலையாட்டினால் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும்.

முறை அவ்வளவுதான். இனி நான் எழுதப்போவது முறை இல்லை.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி தாண்டியதும் அசாம் ஜாவாவிலிருந்து மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். கணேசன், எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். அவர் மனைவி பாக்கியம். மகள் தர்ஷினி, கையில் கோப்போடு. அந்தப் பெண் தாதியர் படிப்புக்கு இரண்டு முறை மனுப் போட்டு இரண்டு முறையும் இடம் கிடைக்காமல், தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த மேல்முறையீட்டுக்கான பதில் முந்தின நாள் மாலைதான் வந்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சபாவில், கோத்தா கினபாலுவில் ஒரு கல்லூரியில் இடம்.

"எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?" என்றேன்.

"நாளைக்குப் பன்னெண்டு மணி அக்கா," என்றாள் தர்ஷினி. "நேர்ல போய் பதியணும். பன்னெண்டுக்கு மேல போனா சீட்டை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. லெட்டர்ல போட்டிருக்கு."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருந்தது. பின்னால் எண்ணினேன். பதினொரு மணிக்காவது கல்லூரி வாசலில் நிற்க வேண்டும். பத்துக்குள் இறங்க வேண்டும். விமானம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஆகவே சனிக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு முன் புறப்படுகிற இரண்டு விமானங்கள்தான் எங்களுக்கு ஆகும்.

"மூணு பேருக்கும் பாருங்க அக்கா," என்றார் கணேசன். பார்த்தேன். விலையைச் சொன்னதும் அவர் சுவரில் இருந்த கடற்கரைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சுபாங் விமான நிலையத்திலிருந்து பார்த்தேன், ஜொகூரிலிருந்து பார்த்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. கூச்சிங் வழியாக ஒட்டுப் போட்டால் நடுவில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. பிறகு ஒருவருக்குத் தேடினேன். ஆறு ஐம்பது விமானத்தில் பாதி விலைக்கும் குறைவாக ஓர் இருக்கை இருந்தது. ஒன்றே ஒன்று.

"தம்பி, ஒரு சீட்டுதான் இருக்கு. பிள்ள மட்டும் போகட்டும்."

"தனியாவா? வெளையாடுறீங்களா அக்கா? கிள்ளானுக்கே நான் அவள தனியா அனுப்புனதில்ல."

"அப்பா, கிள்ளான் பஸ்ஸாச்சும் வழியில நிக்கும்," என்றாள் தர்ஷினி. "பிளேன்ல ஏறுனா நேரா அங்கதான்ப்பா எறங்க முடியும். நடுவுல எங்க போயி தொலஞ்சுபோறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்க முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்லூரி விடுதி இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து அதிகாரபூர்வ டாக்சி இருக்கிறது, நானே போனில் கூடவே இருப்பேன் என்று நானும் சொன்னேன். கடிதத்தை வாங்கி முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். நான் அதற்குள் திரையை ஐந்து முறை புதுப்பித்துவிட்டேன். இருக்கை இருந்தது. கடைசியில் "சரி" என்றார். என் கை பறந்தது.

அப்போது அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்து மூன்று.

"அக்கா, ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. மொதமொதல்ல பிள்ள கடல் தாண்டிப் போவுது. பன்னெண்டு மணிக்கு வந்து எடுத்துக்கிறோம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஓர் இருக்கையை எந்த ஊரில் எவன் வேண்டுமானாலும் அந்த நிமிடமே தட்டிவிடலாம். மலிவு டிக்கெட்டைப் பிடித்து வைக்கவும் வழியில்லை, பணம் கட்டினால்தான் நம்முடையது. இதை எல்லாம் சொன்னேன். அவர் பிடிவாதமாக மறுத்துத் தலையாட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகளைத் தனியாக அனுப்பச் சம்மதித்த மனிதருக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் அப்படி யோசிக்கவில்லை. எனக்கு அந்த இருக்கை வேண்டும்.

"தம்பி, அது இந்தியாக் கணக்கு," என்றேன். "அங்க ஆறு மணிக்கு வெளுக்குது. நமக்கு ஏழு மணிக்கு மேலதானே வெயில் வருது? நம்ம கோயில் குருக்களே சொல்லிட்டாரு, மலேசியாவுக்கு வெள்ளிக்கிழம ராகு காலம் பதினொன்னரைக்கு மேலதான்னு. இப்ப எடுத்தா நல்ல நேரம்."

சூரியன் கணக்கு ஆளாளுக்குப் பேசுவதுதான். ஆனால் குருக்கள் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. அவரிடம் நான் கேட்டதுமில்லை.

கணேசன் மனைவியைப் பார்த்தார். பாக்கியம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "குருக்கள் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று கைப்பையைத் திறந்தார்.

பத்து நாற்பதுக்கு டிக்கெட்டை எடுத்தேன். அவசரத்திலும் முறையை விடவில்லை. அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன், சனிக்கிழமை என்று அழுத்திச் சொன்னேன், தர்ஷினி திருப்பிச் சொன்னாள். சபாவில் இறங்கியதும் அங்கேயும் அட்டையைக் கேட்பார்கள், பெட்டிக்குள் வைத்துவிடாதே என்றேன். அவர்கள் போனதும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டேன். எனக்கு என்மேல் ரொம்ப சந்தோஷம்.

"வசந்தா, எந்தக் குருக்கள் சொன்னாரு?"

தவுக்கே கதவோரம் நிற்பதை மறந்தே போயிருந்தேன்.

"தவுக்கே, சீட்டு போயிருக்கும்."

"போயிருக்கும். நான் அதக் கேக்கல." கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா, அந்தம்மா காரணம் தேடும். அப்ப நீ பக்கத்துல இருக்க மாட்ட. அவங்க நம்புறத எடுத்து நீ யாவாரம் பண்ணிட்ட. போயி உண்மையச் சொல்லிரு."

"பிள்ள போய்ச் சேரட்டும், சொல்றேன்," என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தர்ஷினியிடமிருந்து செய்தி. "அக்கா இன்னும் உள்ள ஏத்தல." ஏழே காலுக்கும் அதே செய்தி. விமானம் கிளம்பும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. நான் மறுபடி பின்னால் எண்ணினேன், எப்படி எண்ணினாலும் பதினொன்றரைக்கு முன்னால் வரவில்லை. கல்லூரிக்குப் போன் செய்து மலாய் மொழியில் கெஞ்சினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பன்னிரண்டு மணிக்குள் வந்தால் பதியலாம், அதற்குப் பிறகு தன் கையில் இல்லை என்றார்.

ராகு காலம், எமகண்டம் எதையும் நான் பார்க்கிறவள் இல்லை. என் கல்யாணத்தையே ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கிடைக்கிற நேரத்தில் வைத்தவள். ஆனால் அன்று கடைக்குள் நடந்துகொண்டே இருந்தபோது, நேற்றுப் பத்து நாற்பதுக்கு எடுத்ததால்தான் இப்படி ஆகிறதோ என்ற நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. எனக்கே இப்படி என்றால் தெரியாமல் நம்பி அனுப்பிய அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பத்து ஐம்பதுக்கு இறங்கிவிட்டாள். பதினொன்று இருபதுக்கு டாக்சியில் இருந்தாள். பதினொன்று ஐம்பதுக்கு, "வரிசையில நிக்கிறேன் அக்கா, முன்னுக்கு நாலு பேரு." பிறகு செய்தி இல்லை. நான் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். பன்னிரண்டு பத்துக்குக் கைப்பேசி மணி அடித்தது.

"பதிஞ்சுட்டேன் அக்கா. எனக்குப் பின்னாடி கதவ மூடிட்டாங்க."

நான் அழுதேன். ஷாலினி டிஷ்யூவை நீட்டினாள். தவுக்கே கதவோரம் நின்று, "எப்ப அசாம் ஜாவாவுக்குப் போற?" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போனேன். சேகர் காரிலேயே இருந்துகொண்டார். கணேசன் வீட்டில் இல்லை. பாக்கியம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"பாக்கியம், நான் ஒரு பொய் சொல்லிட்டேன். குருக்கள் அப்படி ஒன்னும் சொல்லல. நான் டிக்கெட் எடுத்தது ராகு காலத்துலதான்."

அவர் கையிலிருந்த சட்டையை உதறிக் கம்பியில் போட்டார்.

"தெரியும் அக்கா."

"தெரியுமா?"

"வெள்ளிக்கிழம தவறாம ராகு காலத்துக்குத் துர்க்கைக்கு எலுமிச்ச வெளக்கு போடுறவ நான். அன்னிக்குக்கூட ஒங்க கடைய விட்டு நேரா கோயிலுக்குத்தான் போனேன். குருக்கள் பத்தரைக்கே பூசைய ஆரம்பிச்சிருவாருன்னு எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் சரின்னு சொன்னீங்க?"

"நான் வாயத் தொறந்திருந்தா அவரு பன்னெண்டு மணி வரைக்கும் நின்னுருப்பாரு. சீட்டு போயிருக்கும். அவ திங்கக்கிழம மறுபடி பெட்டி கட்டப் போயிருப்பா." அடுத்த துணியை எடுத்தார். "நம்பிக்க இல்லாம அனுப்பிட்டேன்னு நெனைக்காதீங்க அக்கா. நல்ல நேரம் இல்லன்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன். பதிஞ்சுட்டேன்னு அவ சொல்ற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படல. அவருகிட்ட சொல்லிராதீங்க."

விவரம் தெரியாத ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டேன் என்று முந்தின நாளிலிருந்து மனம் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ எல்லாம் தெரிந்து, பயத்தை முழுசாகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். என் பொய்யை நான் சொன்னதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. அவர் அதை ஏற்றுக்கொண்டதற்கு என்ன கொடுத்தார் என்பதை அந்த வாசலில் நின்று பார்த்தேன்.

கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் வந்தார். "அவ லீவுக்கு வர்ற டிக்கெட்ட மட்டும் நல்ல நேரம் பாத்துப் போடுங்க அக்கா. நீங்கதான் போடணும்."

தர்ஷினிக்கு விடுமுறை தேதி தெரிந்தது அதே வருடக் கடைசியில், புறப்பட மூன்று நாள் இருக்கும்போது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் செய்தி அனுப்பினாள். ஒருவருக்குத் தேடினேன், மலிவில் ஓர் இருக்கை இருந்தது. மணி மூன்று ஐந்து. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம்.

"அக்கா, இருக்கு லா! எடுங்க, போயிரும்!" என்று ஷாலினி பின்னால் நின்று கத்தினாள். உனக்கு ஞாபகம் இருக்கும் ஷாலினி, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாய். ஏன் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்றரைக்கு அந்த இருக்கை போனது, விலை ஏறியது. நாலு மணிக்கு இன்னொரு முறை ஏறியது.

நாலு முப்பத்தொன்றுக்குத் தட்டினேன். பாக்கியத்தைக் கூப்பிட்டு எடுத்த நேரத்தைச் சொன்னேன். ஏறிய விலையை நானே கட்டிவிட்டதைச் சொல்லவில்லை.